முகட்டில் உட்கார்ந்தவர்

ஒச்சாயி: இறங்குனாத்தான மச்சான் சோறு போட முடியும். அங்கிட்டே உக்காந்திருந்தா எப்படி?

நல்லகாமன்: பசிக்கல புள்ள. தூக்குச்சட்டியை நிழல்ல வச்சுட்டு நீ வீட்டுக்குப் போ.

ஒச்சாயி: காலையில ரெண்டு இட்லியைப் பிச்சுப் போட்டுட்டு ஓடியாந்த ஆளு... பசிக்கலைங்குறீக. பொழுது அங்கிட்டுச் சாஞ்சிருச்சு.

நல்லகாமன்: வேலை இருக்குல்ல. போல்ட்டெல்லாம் ஒழுங்கா முறுக்கியிருக்கான்களான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.

ஒச்சாயி: உக்காந்த இடத்துல இருந்தா?

நல்லகாமன்: இத்தனை வருசமா கூரை போடுறவனுக்குக் கண்ணாலயே தெரியும்.

சின்னச்சாமி: நான் எல்லாத்தையும் முறுக்கிப் பார்த்துட்டுத்தான் மதினி இறங்குனேன்.

நல்லகாமன்: ஏ சின்னச்சாமி, நீ சாப்பிட்டியா?

சின்னச்சாமி: அப்பவே ஆச்சுண்ணே. ஆளுக எல்லாம் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்சாச்சு.

நல்லகாமன்: அப்பப் போயி மிச்ச ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை அடுக்கு. மேல பார்த்துக்கிட்டு நிக்காத.

சின்னச்சாமி: அதுவும் அடுக்கியாச்சு... அண்ணே, வடத்தைத் தூக்கிப் போடவா?

நல்லகாமன்: வடம் எதுக்குடா?

சின்னச்சாமி: இல்ல... சும்மா கேட்டேன்.

நல்லகாமன்: நான் என்ன கிணத்துலயா விழுந்து கிடக்கேன்? போடா அங்கிட்டு.

ஒச்சாயி: நடக்குறதுக்கு மேல பலகை கிடக்குமே சின்னச்சாமி. அத எங்க?

சின்னச்சாமி: அண்ணேதான் எடுக்கச் சொல்லிட்டாரு மதினி. முகட்டுச் சீட்டைப் போட்டு முடிச்சதும், "எனக்கு எதுக்குடா பலகை, இறக்குங்கடா"ன்னாரு. ஆளுக முன்னாடி சொன்னாரா... நாங்களும் இறக்கிட்டோம்.

ஒச்சாயி: ஓ.

நல்லகாமன்: என்ன ஓ? மில்லு முதலாளி வந்து பாக்குறப்பப் புதுக் கூரை மேல பலகை கிடந்தா நல்லாவா இருக்கும்?

ஒச்சாயி: நல்லா இருக்காதுதான். எப்ப வாராராம்?

நல்லகாமன்: நாலு மணிக்கு. அந்தப் பெரிய ஷெட்டைப் பத்திப் பேச.

ஒச்சாயி: இந்தக் குடோனுக்குப் பின்னாடி வரப்போகுதே, அதுவா?

நல்லகாமன்: ம். ரயில் பாதை வரைக்கும் நீளும். அது மட்டும் கிடைச்சா தை முடிய நம்ம ஆளுக எவனும் வேற வேலை தேட வேணாம்.

சின்னச்சாமி: மதினி... கொஞ்சம் இங்கிட்டு வாங்க. சுவர் ஓரமா.

ஒச்சாயி: என்னப்பா?

சின்னச்சாமி: மெல்லப் பேசுங்க. அண்ணனால இறங்க முடியல.

ஒச்சாயி: அடிகிடி பட்டுருச்சா?

சின்னச்சாமி: அதெல்லாம் இல்ல. முகட்டுச் சீட்டைப் போட்டுட்டு எல்லாரும் இந்தக் கோடிச் சுவர் ஏணி வழியா இறங்குனோம். "போங்கடா, வாரேன்"ன்னாரு. ஒரு எட்டு வச்சாரு. அப்படியே உக்காந்துட்டாரு. சோத்து நேரத்துல இருந்து அங்கனயேதான் இருக்காரு.

ஒச்சாயி: அன்னைக்கு விழுந்ததுக்கப்புறம் மேல ஏறவே இல்லையோ?

சின்னச்சாமி: உங்ககிட்டயும் சொல்லலையா? எமர்ஜென்சி சமயத்துல பஞ்சு குடோன்ல சீட்டு உடைஞ்சு விழுந்தாருல்ல, பொதி மேல விழுந்து பிழைச்சாரே... அன்னையோட சரி. அப்புறம் கீழ நின்னுதான் வேலை வாங்குவாரு. முதல் சீட்டும் முகட்டுச் சீட்டும் தொழில் நடத்துறவரு கையாலதான் போடணும்ல... அதுக்குக்கூட பாதி ஏணி ஏறி, தொட்டுக் கும்பிட்டு, எங்க கையில குடுத்துருவாரு.

ஒச்சாயி: இன்னைக்கு எப்படி ஏறுனாரு?

சின்னச்சாமி: முதலாளி சம்சாரம் தேங்காய் பழத்தோட வந்துருச்சு. "நீங்களே மேல போய் வச்சாத்தான் மனசுக்குத் திருப்தியா இருக்கும்"ன்னுச்சு. அம்புட்டுப் பேரு முன்னாடி மாட்டேன்னு எப்படிச் சொல்லுவாரு?

ஒச்சாயி: வடத்துல கட்டி இறக்குனா?

சின்னச்சாமி: இறக்கிறலாம். ஆனா கூரை போடுறவரை மூட்டை கட்டுன மாதிரிக் கட்டி இறக்குனாகன்னு நாளைக்கு விளாங்குடி பூராவும் இதே பேச்சாயிரும். முதலாளி காதுக்குப் போச்சுன்னா பெரிய ஷெட்டு நமக்கு இல்ல. அது கூடப் போகட்டும். அண்ணன் அந்த அவமானத்தோட திரும்ப வேலைக்கு வருவாரா? அதுதான் மதினி எனக்குப் பயமா இருக்கு.

ஒச்சாயி: ஏணியைப் பிடி.

சின்னச்சாமி: என்னது?

ஒச்சாயி: ஏணியை நல்லாப் பிடிங்குறேன். அந்தத் தூக்குச்சட்டியை எடு.

சின்னச்சாமி: நீங்களா? வேணாம் மதினி. சேலையோட...

ஒச்சாயி: சேலையை இழுத்துச் சொருகிக்கிறேன். நான் ஏறுனதும் நீ ஆளுகளக் கூட்டிட்டுப் போயி ரோட்டுக் கடையில டீ வாங்கிக் குடு. இங்கன ஒருத்தனும் நிக்கக் கூடாது.

நல்லகாமன்: யாருடா அது ஏணியில... ஏ ஒச்சாயி. ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?

ஒச்சாயி: நீங்க வரலைன்னா சோறு வரணும்ல.

நல்லகாமன்: இறங்கு மொதல்ல. சீட்டு மேல கால வச்சா பொத்துக்கிட்டு உள்ள போயிரும்.

ஒச்சாயி: அப்ப எது மேல வைக்க?

நல்லகாமன்: சொன்னாக் கேக்க மாட்டியே... முகட்டை ஒட்டி போல்ட்டு வரிசையா ஓடுது பாரு. அதுக்கடியில இரும்புச் சட்டம் இருக்கு. அது மேலயே நடந்து வா. கையை முகட்டுல ஊனிக்க. கீழ பாக்காத... இடது காலு, இடது காலு. ம். அப்படித்தான்.

ஒச்சாயி: வந்துட்டேன். தள்ளி உக்காருங்க.

நல்லகாமன்: தள்ளியெல்லாம் உக்கார முடியாது. அங்கனயே உக்காரு.

ஒச்சாயி: சரி. கையை நீட்டுங்க, தண்ணி ஊத்துறேன்... என்ன இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு?

நல்லகாமன்: காத்து.

ஒச்சாயி: ஆமா. காத்துதான்.

நல்லகாமன்: கருவாட்டுக் குழம்பா?

ஒச்சாயி: பசிக்கலைன்னீக.

நல்லகாமன்: ...வாசம் வந்துச்சு, கேட்டேன்.

ஒச்சாயி: நாகமலை எம்புட்டுக் கிட்டக்கத் தெரியுது இங்கன இருந்து. அந்தா, கோபுரமும் தெரியுது. இதையெல்லாம் பாக்குறதுக்குத்தான் மேலயே உக்காந்துட்டீகளாக்கும்.

நல்லகாமன்: நான் ஒண்ணையும் பாக்கல.

ஒச்சாயி: சீட்டை ஏன் மச்சான் கிழக்குக் கோடியில இருந்து போட ஆரம்பிச்சீக? வாசல் மேற்க இருக்கு, லாரியும் மேற்கதான் நின்னுச்சு. அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு ஓடுனோம்னு ஆளுக புலம்புனாக.

நல்லகாமன்: ஆடியில காத்து எங்கிட்டிருந்து வருது?

ஒச்சாயி: மேற்க இருந்து.

நல்லகாமன்: அப்ப? ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் போடுறோம்ல, மேல இருக்குற சீட்டோட ஓரம் காத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. இருந்தா உள்ள புகுந்து தூக்கிரும். கிழக்க இருந்து ஆரம்பிச்சா ஓரமெல்லாம் கிழக்க பாக்கும், காத்து தடவிக்கிட்டுப் போயிரும். தூக்கிட்டு ஓடுறது கஷ்டம்தான். அதுக்காக மாத்திப் போட முடியுமா?

ஒச்சாயி: முடியாதுதான். இன்னும் ஒரு கரண்டி போடவா?

நல்லகாமன்: போதும்... கொஞ்சமாப் போடு.

ஒச்சாயி: மச்சான்.

நல்லகாமன்: ம்?

ஒச்சாயி: கீழ பார்த்துட்டேன்.

நல்லகாமன்: பாக்காதன்னேன்ல.

ஒச்சாயி: கண்ணைக் கட்டிக்கிட்டு வருது. வந்த மாதிரி என்னால திரும்பிப் போக முடியாது மச்சான்.

நல்லகாமன்: ஏ... ஏ, என்னையப் பாரு. என் மூஞ்சியப் பாரு. ஒண்ணுமில்ல.

ஒச்சாயி: சின்னச்சாமியைக் கூப்பிடுங்க. வடத்தைக் கொண்டாரச் சொல்லுங்க.

நல்லகாமன்: வடத்துல கட்டி உன்னைய இறக்கவா? அம்புட்டுப் பேரும் வேடிக்கை பாக்க? வேணாம்.

ஒச்சாயி: அப்ப எப்படிப் போறது?

நல்லகாமன்: இரு. யோசிக்கிறேன்... இரு புள்ள. நான் முன்னாடி போறேன். நீ என் தோள்ல கையை வச்சுக்க. நான் கால் வச்ச எடத்துல நீ வை. வேற எங்கிட்டும் வைக்காத.

ஒச்சாயி: எந்திரிச்சுட்டீகளா?

நல்லகாமன்: எந்திரிச்சுட்டேன். இரு... ம். தூக்குச்சட்டியை விட்டுரு, அப்புறம் எடுத்துக்கலாம். வா. இந்தப் போல்ட்டு. அப்புறம் அந்தா, அந்தப் போல்ட்டு.

ஒச்சாயி: மெல்லப் போங்க.

நல்லகாமன்: மெல்லத்தான் போறேன்... அடுத்தது. கையை எடுத்துறாத.

ஒச்சாயி: எடுக்கல.

நல்லகாமன்: நில்லு. கொஞ்சம் நில்லு.

ஒச்சாயி: ஏன் மச்சான் நின்னுட்டீக?

நல்லகாமன்: உனக்காகத்தான். மூச்சு வாங்கிக்க.

ஒச்சாயி: சரி. வாங்கிக்கிறேன்... அன்னைக்கு விழுந்தப்ப என்ன நினைச்சீக?

நல்லகாமன்: இப்ப எதுக்கு அது?

ஒச்சாயி: பேச்சுக் குடுத்தா எனக்குப் பயம் தெரியாது.

நல்லகாமன்: நினைக்கவெல்லாம் நேரம் இல்ல. காலுக்கடியில ஒரு சத்தம். டப்புன்னு. விழுந்தது கூட ஞாபகம் இல்ல புள்ள. அந்தச் சத்தம் மட்டும் காலை விட்டுப் போகல. தூங்குறப்பக் கூடக் கேக்கும்... எட்டு எடுத்து வைக்கிறப்பல்லாம் இப்பக் கேக்கும், இப்பக் கேக்கும்னே இருக்கு.

ஒச்சாயி: அது எவனோ போட்ட கூரையா இருக்கும்.

நல்லகாமன்: நான் போட்டதுதான்.

ஒச்சாயி: அன்னைக்குப் போல்ட்டு மேலதான் நடந்தீகளா?

நல்லகாமன்: ...இல்ல. மழை வருதுன்னு அவசரத்துல குறுக்க ஓடுனேன்.

ஒச்சாயி: இன்னைக்கு மழை வரல. நமக்கு அவசரமும் இல்ல.

நல்லகாமன்: இல்லதான்.

ஒச்சாயி: குறுக்கயும் போகல.

நல்லகாமன்: போகல... வா. அடுத்த போல்ட்டு. ம். இன்னொண்ணு. அந்தா சுவர் வந்துருச்சு. சுவத்து மேல ரெண்டு காலையும் வை. நான் ஏணியில இறங்குறேன், நீ திரும்பி நின்னு என் பின்னாடியே வா. உன் காலை நான் பிடிச்சு ஒவ்வொரு படியா வைக்கிறேன்.

ஒச்சாயி: விட்டுற மாட்டீகளே?

நல்லகாமன்: விடுவேனா? வா... இந்தப் படி. அடுத்தது. வா வா. அவ்வளவுதான். தரைக்கு வந்தாச்சு.

ஒச்சாயி: உக்காருங்க மச்சான். மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கிடக்கு.

நல்லகாமன்: உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். இப்படியே சுவத்துல சாஞ்சுக்கிறேன்.

சின்னச்சாமி: அண்ணே, இறங்கிட்டீகளா? டீக்கடையில ஆளுகள உக்கார வச்சுட்டு ஓடியாரேன். மதினி இம்புட்டு நேரமும் மேலயேவா இருந்தாக?

ஒச்சாயி: ஆமாப்பா. மேல போயி எனக்குத் தலையைச் சுத்திருச்சு. உங்க அண்ணன்தான் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாரு.

சின்னச்சாமி: நல்லவேளை அண்ணன் மேல இருந்தாரு. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன் மதினி. இதை ஆளுககிட்டச் சொல்லிட்டு வாரேன்... அண்ணே, முதலாளி ஜீப்பு கேட்டுக்குள்ள வருது.

நல்லகாமன்: வரட்டும். நீ போயி முன்னாடி நில்லு. நான் வாரேன்.

ஒச்சாயி: மச்சான், சட்டையை நேரா இழுத்து விடுங்க. மத்தியானம் பூராவும் மேல என்ன பண்ணுனீகன்னு முதலாளி கேட்டா, தயங்காம என் மேல போட்டுருங்க. என் பொண்டாட்டி பயந்தாங்கொள்ளி, சோறு குடுக்க மேல ஏறி மாட்டிக்கிட்டா, அவள இறக்குறதுக்குள்ள நேரம் போயிருச்சுன்னு சொல்லுங்க. சொல்லுவீகள்ல?

நல்லகாமன்: அதை நான் எப்படிப் புள்ள சொல்லுவேன்? தல்லாகுளத்துல மூணு மாடிக் கட்டடம் எழும்புறப்ப, தலையில சாந்துச் சட்டியோட ரெண்டு கையையும் வீசிக்கிட்டு ஒத்தைச் சாரத்துல நீ நடந்து போனத கீழ நின்னு பார்த்துட்டுத்தான உன்னையக் கட்டுனேன். கண்ணைக் கட்டுதுன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும் ஒச்சாயி... வார வழி பூராவும் உன் கை என் தோள்ல இருந்துச்சு, ஒரு நடுக்கம் இல்ல. நடுங்குனதெல்லாம் என் தோளு. வா, நீயும் கூட வந்து நில்லு. எனக்கு மேல ஏற பயம், இனிக் கூரை மேல வேலையை என் பொண்டாட்டி பாப்பா, கீழ் வேலை நான் பாக்குறேன்னு முதலாளிகிட்ட நானே சொல்லிர்றேன். பெரிய ஷெட்டைக் குடுக்குறதும் குடுக்காததும் அவரு இஷ்டம்.