பி குரூப்பில் நாற்பத்திரண்டு வண்டி

தங்கை: வெட்டாதீங்க சிஸ்டர்... ஜிப் இருக்குல்ல, மெதுவா உருவிடலாம்.

நர்ஸ்: தோளைத் தொட்டாலே துடிக்கிறீங்க. இதுல எங்க உருவுறது? அசையாம இருங்க.

தங்கை: லெதர் சிஸ்டர் அது. ரேஸ் சூட்டு. கத்தரி இறங்காது.

நர்ஸ்: இந்தக் கத்தரிக்கு இறங்கும். காலையிலேர்ந்து இது மூணாவது சூட்டு.

அக்கா: வெட்டட்டும்டி. போனாப் போகுது.

தங்கை: உன் சூட்டாச்சே... உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொன்னேன்.

அக்கா: நான் குடுத்து ரெண்டு வருஷமாச்சு. இப்ப அது உன்னுது.

தங்கை: முதுகுல இன்னும் உன் பேர்தான் இருக்கு.

அக்கா: பிச்சு எடுக்கச் சொன்னேன்ல?

தங்கை: எடுத்தேன். பசை போகலை. உத்துப் பார்த்தா இப்பவும் படிக்கலாம்.

நர்ஸ்: கொஞ்சம் பேச்சை நிறுத்துறீங்களா ரெண்டு பேரும்? மூச்சை நல்லா இழுங்க. வலிக்குதா?

தங்கை: இழுத்தாலும் வலிக்குது, விட்டாலும் வலிக்குது.

நர்ஸ்: விரலை ஆட்டுங்க... ம், ஆடுது. கழுத்து பரவாயில்ல. காலர் போன்தான் உடைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். எக்ஸ்ரே எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.

அக்கா: வலிக்கு என்ன ஊசி போட்டீங்க?

நர்ஸ்: டாக்டர் எழுதினது.

அக்கா: அது சரி. என்ன ஊசி, எவ்வளவு? மதியம் அவ சரியாச் சாப்பிடக்கூட இல்ல.

நர்ஸ்: நீங்க டாக்டரா?

தங்கை: மருந்துக்கடை வெச்சிருக்கா சிஸ்டர். எந்தச் சீட்டைப் பார்த்தாலும் எழுதின டாக்டரை ஒரு வார்த்தை திட்டிட்டுத்தான் மாத்திரையை எடுப்பா.

அக்கா: நீ சும்மா கிட. ஆம்புலன்ஸ் எப்ப வரும் சிஸ்டர்?

நர்ஸ்: இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு முன்னாடி இங்க படுத்திருந்தவரை, நீங்க விழுந்த நேரத்துலதான் ஏத்திட்டுக் கிளம்புச்சு. அது திரும்பி வர்ற வரைக்கும் யாரையும் டிராக்குல விடக்கூடாது. அதான் வெளிய சத்தமே இல்ல, பாருங்க.

அக்கா: எங்க வீட்டுக்காரர் வேனோட திரும்பி வர்றார். யார் முதல்ல வந்தாலும் கிளம்பிடுறோம்.

தங்கை: மாமாகிட்ட என்ன சொன்ன?

அக்கா: விழுந்துட்டா, வாங்கன்னு சொன்னேன்.

தங்கை: யாருன்னு சொன்னியா? நீதான் விழுந்துட்டன்னு நினைச்சுப் பதறிக்கிட்டு வரப்போறார்.

அக்கா: நான்தானேடி போன்ல பேசினேன். நான் விழுந்தா நானா பேசுவேன்?

தங்கை: நீ பேசுவ.

நர்ஸ்: சிரிக்காதீங்க, எலும்பு அசையும். ஆமா, நீங்க ரெண்டு பேருமே பி குரூப்பா?

அக்கா: ஆமா.

நர்ஸ்: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனா மாசத்துல ரெண்டு நாள் இங்க உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாம் மனப்பாடம். ஏ-ன்னா பறக்கிறவங்க. சி-ன்னா புதுசா வர்றவங்க. அவங்க மெதுவா விழுவாங்க, மருந்து தடவினா எழுந்து போயிடுவாங்க. இந்த பி-தான்... இன்னிக்கு நாற்பத்திரண்டு வண்டியை ஒண்ணா விட்டிருக்காங்க. இருபத்தஞ்சைத் தாண்டக்கூடாதுன்னு அவங்களே சுவத்துல எழுதி ஒட்டியிருக்காங்க.

தங்கை: வந்தவங்க எல்லாருக்கும் சீட்டுக் கிழிச்சுட்டாங்க போல.

நர்ஸ்: நீங்க இந்தக் கட்டிலுக்கு இன்னிக்கு நாலாவது ஆள். நாலும் பி. ஏ-ல பதினெட்டே பேர். ஒருத்தர்கூட என்கிட்ட வரலை.

தங்கை: பதினெட்டா?

நர்ஸ்: லிஸ்ட்டு ஒண்ணு எனக்கும் தருவாங்க. எண்ணிப் பார்த்தேன்.

தங்கை: அக்கா... ஏ-ல இடமில்லைன்னு சொன்னியே.

அக்கா: காலையில அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் யாராவது வராமப் போயிருப்பாங்க.

தங்கை: ஓ.

அக்கா: தலைகாணி சரியா இருக்கா? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?

தங்கை: வேண்டாம்.

நர்ஸ்: வெளிய ஒருத்தர் ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரமா நிக்கிறார். வெள்ளை வண்டிக்காரர். உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கணுமாம்.

அக்கா: நான் போய் அவன்கிட்டப் பேசிக்கிறேன். வளைவுல வந்து பிரேக்கை மிதிச்சு, தானும் விழுந்து, வண்டியைக் குறுக்கால போட்டு...

தங்கை: உட்காருக்கா. மூணு பக்கமும் வண்டி வந்தா எவனும் பயந்து பிரேக் பிடிப்பான். புதுசா ஓட்டுறான் போல. சி-ல இருந்திருக்கணும்.

அக்கா: அப்ப எதுக்கு பி-ல ஓட்டுறான்?

தங்கை: யாராவது மாத்தி எழுதியிருப்பாங்க.

நர்ஸ்: நான் அவரை அப்புறம் வரச் சொல்றேன். ஆம்புலன்ஸ் எங்க வருதுன்னும் கேட்டுட்டு வந்துடுறேன். கையைத் தூக்க விடாதீங்க.

அக்கா: சரி சிஸ்டர்... ஏண்டி, தண்ணி குடிக்கிறியா?

தங்கை: அவர் இருக்காரா, போயிட்டாரா?

அக்கா: யாரு?

தங்கை: தெரியாத மாதிரி கேக்காத. டீம் மேனேஜர்.

அக்கா: சாப்பிட்டதும் கிளம்பிட்டார்.

தங்கை: ஏ குரூப்பை மட்டும் பார்த்துட்டு.

அக்கா: அதுக்குத்தானே வந்தார்.

தங்கை: யாரை எடுத்தாராம்?

அக்கா: இப்ப எதுக்கு அதெல்லாம்...

தங்கை: சொல்லு.

அக்கா: ஏ-ல ஓட்டுற அந்தப் பல் டாக்டரை. இந்த வருஷம் பெண்கள் ரேஸ் எல்லாத்துக்கும் அவங்கதானாம்.

தங்கை: அவங்க என்னைவிட ஒரு செகண்டு பின்னாடி.

அக்கா: தெரியும்.

தங்கை: உன்னைவிட ஒரு செகண்டு முன்னாடி.

அக்கா: அதுவும் தெரியும்டி. யாருக்கு ஒரு ரவுண்டுக்கு எத்தனை செகண்டுன்னு சுவத்துல ஒட்டியிருக்கிற இந்த வருஷப் பேப்பரை நானும்தான் பார்த்தேன்.

தங்கை: எப்ப பார்த்த? போன மாசம் நீ வரவே இல்லையே.

அக்கா: காலையில பார்த்தேன். மேலேர்ந்து மூணாவது உன் பேரு. எனக்கு விரலை வெச்சுத் தேட வேண்டியதாப் போச்சு.

தங்கை: நான் உன் வீட்டுக்கு வந்து என் நேரத்தைச் சொன்னப்ப நீ நம்பலை. வாட்ச் கோளாறா இருக்கும்னு சொன்ன.

அக்கா: விளையாட்டுக்குச் சொன்னேன்.

தங்கை: இல்லக்கா. சாம்பாரை இறக்கிட்டே சொன்ன, என் முகத்தைக்கூடப் பார்க்காம.

அக்கா: மாமா வந்துட்டாரான்னு பார்க்கிறேன்.

தங்கை: எதுக்கு இப்ப ஜன்னலைப் பார்க்கிற? வேன் வந்தா சத்தம் கேட்கும்.

அக்கா: எப்படியும் ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாது உன்னால.

தங்கை: போக முடியாது. லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலையில ஏணியில ஏறணும், ஒரு கையால ஏற முடியுமா? என் மேஸ்திரி துள்ளிக் குதிப்பார்.

அக்கா: எங்க வீட்டுக்கு வந்துடு. நான் பார்த்துக்கிறேன். தலை பின்னிவிடுறேன், துணி துவைச்சுத் தர்றேன்...

தங்கை: என்னக்கா ஆச்சு உனக்கு? என் எச்சில் டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்ட நீ.

அக்கா: இடம் இருந்துச்சுடி.

தங்கை: என்ன?

அக்கா: ஏ-ல இடம் இருந்துச்சு. நான்தான்...

தங்கை: சொல்லு.

அக்கா: நீ வேன்லேர்ந்து வண்டியை இறக்கிட்டிருந்த. நான் போய் வரிசையில நின்னேன். லிஸ்ட்டு எழுதுறவர் நிமிர்ந்து பார்த்தார். எட்டு வருஷமா என்னைத் தெரியும் அவருக்கு. வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. "எங்க உங்க தங்கச்சி, வரலையா?"ன்னு கேட்டார்.

தங்கை: அதுக்கென்ன?

அக்கா: போன வருஷம் வரைக்கும் நீ என் தங்கச்சி. இப்ப நான் உன் அக்கா.

தங்கை: ரெண்டும் ஒண்ணுதானே.

அக்கா: ஒண்ணு இல்லடி. உனக்கு நல்லாத் தெரியும், ஒண்ணு இல்ல.

தங்கை: சரி, அப்புறம்?

அக்கா: உன் பேருக்கு நேரா ஏ-ன்னு எழுதினார். என்னை ஒண்ணும் கேக்கவே இல்ல, எனக்கு பி-ன்னு எழுதினார். அந்த ரெண்டு எழுத்தையும் பார்த்துக்கிட்டே நின்னேன். "அவளுக்குக் கையில சுளுக்கு, இன்னிக்கு ஒரு நாள் என்கூடவே ஓட்டட்டும்"னு... தானா வாயில வந்துடுச்சு. அவர் ஏ-யை அடிச்சுட்டு பி போட்டார். மேனேஜர் வர்றார்னும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.

தங்கை: எந்தக் கைன்னு சொன்ன?

அக்கா: என்ன?

தங்கை: சுளுக்கு. எந்தக் கையில?

அக்கா: அதெல்லாம் சொல்லலை... ஏன்?

தங்கை: அதான் பிரச்சனை. ரெண்டாவது செஷன் முடிஞ்சு வந்தப்ப அந்த லிஸ்ட்டுக்காரர் என்கிட்ட வந்து, கை எப்படி இருக்குன்னு விசாரிச்சார். எந்தக் கைன்னேன். அவர் முழிச்சார். நானும் முழிச்சேன்.

அக்கா: அப்பவே தெரியுமா உனக்கு?

தங்கை: பதினொரு மணிக்கே தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமா என்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?

தங்கை: நீதான் பார்த்தியே, எங்க சாப்பிட்டேன்.

அக்கா: அவர் மாத்தித் தர்றேன்னு சொல்லலையா?

தங்கை: சொன்னார். ஏ பதினொன்றரைக்குத்தான் இறங்குது, இப்பவே போய் நில்லுங்கன்னார். மேனேஜர் அங்கதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இருக்கட்டும் சார், நான் அக்காகூடவே ஓட்டுறேன்"னு சொல்லிட்டேன்.

அக்கா: ஏண்டி? என்னை மாட்டிவிட வேண்டாம்னா?

தங்கை: ச்சே. அவ்வளவு நல்லவ இல்ல நான்.

அக்கா: அப்புறம் ஏன்? ஒரு வருஷ ரேஸ்... கைக்கு வந்ததை யாராவது விடுவாங்களா? எல்லாம் என்னாலதான். நான் அந்த ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா நீ இங்க படுத்திருக்க மாட்ட.

தங்கை: அழாத.

அக்கா: என்னாலதான்டி விழுந்த நீ.

தங்கை: அந்தப் பெருமையும் உனக்கேவா?

அக்கா: என்ன பேசுற நீ?

தங்கை: பின்ன என்னக்கா? முதல் வண்டி உனக்கு. உனக்குப் பதினெட்டு ஆனப்ப அப்பா கடையிலேர்ந்து புதுசாத் தள்ளிட்டு வந்தார். எனக்குப் பதினெட்டு ஆனப்ப, அக்கா வண்டி சும்மாத்தானே நிக்குதுன்னார். சூட்டும் உன்னுது, பூட்ஸும் உன்னுது. அதுல முன்னாடி பேப்பர் திணிச்சு ஓட்டினேன். டிராக்குக்கு வந்தா, "ஓ, அவங்க தங்கச்சியா? அதான் நல்லா ஓட்டுறீங்க." ரெண்டு வருஷம் கேட்டேன் அதை. என் கைதான் ஆக்சிலேட்டரைத் திருகுது, என் முட்டிதான் தரையில உரசுது. பேரு உனக்கு.

அக்கா: ஒரு நாள்கூட நீ சொன்னதில்லையே இதை.

தங்கை: நீ சொன்னியா? போன மாசம் எனக்கு அந்த ரவுண்டு நேரம் வந்ததும் எல்லாரும் கை குடுத்தாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? சுத்திச் சுத்தி உன்னைத் தேடினேன். நீ அன்னிக்குக் கடையில இருந்த. பேப்பர்ல ரெண்டு செகண்டு முன்னாடி இருந்து எனக்கு என்ன ஆகப்போகுது? ஒரே டிராக்குல, ஒரே நேரத்துல, உன் கண்ணு முன்னாடி உன்னைத் தாண்டணும். அதுக்கப்புறம் மேனேஜர் வந்தா என்ன, போனா என்ன.

அக்கா: அதுக்காகவா பி-ல இருந்த?

தங்கை: நீயே உன் பக்கத்துல இழுத்து விட்டுட்ட. இதைவிட நல்ல நாள் கிடைக்குமான்னு நினைச்சேன்.

நர்ஸ்: ஆம்புலன்ஸ் கேட்டுக்குள்ள நுழைஞ்சிடுச்சு. அஞ்சு நிமிஷம். கையை இப்படி மடிச்சு வெச்சுக்கங்க, கட்டிடுறேன்... வலிச்சா சொல்லுங்க.

தங்கை: ஸ்ஸ்... பரவாயில்ல, கட்டுங்க.

நர்ஸ்: உங்க அக்கா ஏன் அழுறாங்க? சின்ன எலும்புங்க இது, கூடிடும். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொல்றேன்.

அக்கா: ஒண்ணு சொல்றேன்... கோவிச்சுக்க மாட்டியே?

தங்கை: இதுக்கு மேலயா?

அக்கா: மூணாவது செஷன்ல இறங்கினதிலேர்ந்து எனக்கு ஒரே நினைப்பு, நீ எங்கயோ பின்னாடி இருக்க, இப்ப தாண்டப்போற, இப்ப தாண்டப்போறன்னு. ஒவ்வொரு ரவுண்டா போச்சு. நீ வரலை. எனக்குள்ள ஒரு சந்தோஷம்டி. கூட்டமோ என்னவோ, என்னைத் தாண்ட முடியலை பாரு அவளாலன்னு... சிவப்புக் கொடியைத் தூக்கி எல்லாரையும் நிறுத்துற வரைக்கும் அந்தச் சந்தோஷத்துலதான் ஓட்டிட்டிருந்தேன். நீ அங்க மண்ணுல கிடந்த.

தங்கை: அக்கா...

அக்கா: திட்டிடு. மனசுல வெச்சுக்காத.

தங்கை: தாண்டிட்டேன்க்கா. ரெண்டாவது ரவுண்டுலயே, நேர் ரோட்டுல தாண்டிட்டேன். வலப்பக்கம் ஒருத்தன் உன்னை இடிக்கிற மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தான், நீ அவனையே பார்த்துட்டிருந்த. இடப்பக்கம் நான் போனேன். திரும்பிப் பார்த்தேன்... நீ பார்க்கவே இல்ல. எனக்கு முன்னாடி ரோடு காலி, ஒரு வண்டி இல்ல. அப்படியே போயிருந்தா இந்நேரம் வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். ஆனா நீ பார்க்கலையே... அதான் வேகத்தைக் குறைச்சு, உன்னை முன்னாடி விட்டேன், மறுபடியும் தாண்டலாம்னு. அப்பவும் நீ அவனைத்தான் பார்த்துட்டுப் போன. உன் பின்னாடியே நாலு பேர் புகுந்துட்டாங்க. அதுல கடைசி ஆள்தான் அந்த வெள்ளை வண்டி.