நான்கு திரைக்கும் ஒரே ஆண்ட்ரூஸ்

என் தொப்பையைப் பார்க்கிறவர்கள் இவன் ஏணி ஏறுவான் என்று நம்புவதில்லை, ஐயா. ஏறுவேன். கீழே நாலு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ராசிபுரம் சாலையில் இருக்கும் எங்கள் மாதா கோவிலில் புரொஜெக்டர் வேலை என்னுடையது. சம்பளம் கிடையாது. திருவிழா நோட்டீஸின் கடைசி வரியில் 'ஒலி, ஒளி: ஆண்ட்ரூஸ்' என்று போடுவார்கள். அந்த வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் பட்டம்.

திருவிழாக் கூட்டம் கோவிலுக்குள் அடங்காது. அதனால் உள்ளே ஒரு திரை, வெளியே பந்தலில் இரண்டு, ஞானோபதேச அறையில் ஒன்று. ஒரே கேமராவின் படம் ஒரு பெட்டிக்குள் போய், நான்காகப் பிரிந்து, நான்கு புரொஜெக்டருக்கும் போக வேண்டும். சத்தமும் அங்கிருந்துதான். பந்தல் தூரம் என்பதால் இடையில் சில மலிவுப் பெட்டிகளை மாட்டியிருந்தேன். அவற்றால் பந்தலில் படம் கொஞ்சம் பின்தங்கி வரும். இத்தனை வருடமாக யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

ரூபன் சொன்னான். என் தங்கை நான்சியின் கணவன். பெங்களூரில் இதே தொழிலில் இருந்தவன், இங்கே சேலத்திலேயே கடை போடலாம் என்று குடும்பத்தோடு வந்துவிட்டான். நல்ல பையன்; அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. ஒத்திகையன்று ஃபாதர் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தான்.

"ஏனுங்க மச்சான், உள்ள ஃபாதர் கையக் கீழ போட்டப்புறந்தான் பந்தல்ல தூக்குறாரு. ரெண்டு பூசை நடக்குதுங்களா?"

ஃபாதரும் சிரித்தார். "அடுத்த திருவிழாவுக்கு ரூபனே பாக்கட்டும், ஆண்ட்ரூஸ். நீங்க பாவம், ஏணி ஏறி எறங்குறீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. கடைக்குப் போய் இரண்டு தட்டு புரோட்டா தின்று பார்த்தேன், அணையவில்லை.

திருவிழாவன்று மாலை பந்தல் திரைகளில் படத்தின் மேல் கோடு கோடாக ஓடியது. ஸ்பீக்கரில் 'உம்' என்று இரைச்சல். உள்ளே கோவில் கரண்டு, வெளியே ஜெனரேட்டர் கரண்டு. இரண்டின் எர்த்தும் ஒத்துப்போகாவிட்டால் அப்படி வரும். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. செய்யக்கூடாது, எல்லோரும் செய்வோம். வெட்டினேன். படம் கண்ணாடி மாதிரி ஆனது.

பிறகு கொடிமரத்தடியில் புரொஜெக்டர் இருந்த இரும்பு ஸ்டாண்டைத் தொட்டேன். கை சுள்ளென்றது. எங்கோ ஒயர் நசுங்கி ஸ்டாண்டில் மின்சாரம் ஏறியிருந்தது. அதை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த்தை நான்தான் வெட்டியிருந்தேன். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பித்தேன். ஜெனரேட்டரை நிறுத்தியிருக்கலாம். பூசை தொடங்கியிருந்தது, திரை இருண்டால் ஃபாதர் ரூபனைத்தான் கூப்பிடுவார். அதனால் ஸ்டாண்டைச் சுற்றி யாரும் வராதபடி நாற்காலிகளை அடுக்கி வைத்தேன். அவ்வளவு பொறுப்பானவன் நான்.

கொஞ்ச நேரத்தில் ரூபனே வந்தான். "மச்சான், படம் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குதுங்க. நான் சரி பண்ணிட்டு வாரேன்."

தூசி அடங்குவதற்காக லாரித் தண்ணீர் அடித்து, மண் சொதசொதவென்று இருந்தது. அவன் செருப்போடு நின்றான். எங்கள் பங்குக் கோவிலில் கொடிமரத்தைச் சுற்றி யாரும் செருப்புப் போடுவதில்லை. எனக்குக் கால்வெடிப்பு என்பதால் எல்லோரும் மன்னித்திருந்தார்கள்.

"மாப்ள, கொடிமரத்தடி. செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றேன். நாற்காலிகளையும் நானே நகர்த்திக் கொடுத்தேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு செருப்பை ஓரமாக விட்டான். போய் இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்தான். ஜெனரேட்டர் சுவிட்ச் எனக்குக் கையெட்டும் தூரம்தான். உள்ளே ஃபாதர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் படத்தை நிறுத்துவது மரியாதை இல்லை. முடியட்டும் என்று காத்திருந்தேன்.

நான்சி இன்னும் என் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், ஐயா. நீங்கள் வழக்கை விபத்து என்று முடித்தபோது எனக்கு நிம்மதிதான். ஆனால் அடக்கப் பூசை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, சவுண்டு சர்வீஸ் பொன்னன் நான் இருப்பது தெரியாமல் பேசினார். "ஆண்ட்ரூசுக்கு ஒயரிங்கே தெரியாதுங்க. கரண்டு எங்க இருக்குதுன்னே பாவம் அவருக்குத் தெரிஞ்சிருக்காது." எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அதனால்தான் வந்தேன். கரண்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஈர மண்ணில் வெறுங்காலோடு பிடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். தண்டனையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.