இனோசிட்டால் சேராத தட்டு

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

தினமும் கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் காரைக்கால் வருவேன். ஞாயிற்றுக்கிழமையும் வருவேன். கருவுக்கு லீவு கிடையாது. குழந்தையில்லாதவர்களுக்கான அந்த ஆஸ்பத்திரியில் லேப் என் பொறுப்பு. முட்டையையும் விந்தையும் சேர்த்து, உண்டாகும் கருவை ஒரு தட்டில், திரவத்தில் விட்டு, உடம்புச் சூட்டில் இன்குபேட்டரில் வளர்ப்பேன். திரவத்தை நானே கலப்பேன். அதில் இனோசிட்டால் என்று ஒன்று சேரும். சர்க்கரைக்கு உறவு, லேசாக இனிக்கும். எலியின் கரு சுற்றியிருக்கும் திரவத்திலிருந்து அதை இழுத்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். செல்லின் சவ்வுக்குப் போய், வளரச் சொல்லும் செய்தியை உள்ளே கடத்த அது உதவுகிறது. மனிதக் கருவுக்கு அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? நான் படித்தவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுவது தப்பில்லையே.

முதலில் ஒவ்வொரு பெண்ணின் கருக்களிலும் பாதியைத்தான் இனோசிட்டால் சேராத தட்டில் வைத்தேன். நியாயமாகவே நடந்துகொண்டேன். மீதிப் பாதி அவர்களுக்கு இருந்தது.

பூங்கொடிக்கு மட்டும் எல்லாவற்றையும் அதில் வைத்தேன். கிளிஞ்சல்மேட்டுக்காரி. சுனாமியில் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்தவள். முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்ததால் எங்களிடம் வரவேண்டியதாயிற்று. என் லேபில் உதவியாக இருந்த அல்லி அவள் தங்கை. அவள்தான் கூட்டி வந்தாள். ஏன் அவளுடைய கருக்கள் என்று கேட்பீர்கள். இழந்து பழகியவள், தாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

கருக்கள் உடனே சாகவில்லை. முதலில் செல் செல்லாக நன்றாகவே பிரிந்தன. பிறகு தயங்கின. கடைசியில் கறுத்துச் சுருங்கின. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. பூங்கொடியிடம் டாக்டர், வயதாகிவிட்டது, இனி முட்டை கிடைப்பது சந்தேகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அல்லிதான் கேட்டாள், அக்கா தட்டுக்கு மட்டும் ஏன் முழுக்க வேறு பாட்டில் திரவம் என்று. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் பூங்கொடி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் லேபுக்குள் வந்தாள். கத்தவில்லை.

"எம் புள்ளைங்களுக்குச் சோறு போடாம வச்சிருந்தீங்களா சார்?"

பிள்ளைகள் இல்லை, வெறும் செல்கள் என்று விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"கடலுகிட்ட கேக்க முடியல. உங்ககிட்ட கேக்கலாம்ல. ஏன் சார்?"

உங்களிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன், தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன் என்று. அவள் இன்குபேட்டர் பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். இதில் யார் வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன என்று கேட்டாள். உள்ளே வேறு பெண்களின் தட்டுகள் இருந்தன. சூடு இறங்கிவிடும், மூடு என்றேன். மூடவில்லை.

இன்குபேட்டருக்கான கேஸ் சிலிண்டரைத் திருகும் ஸ்பேனர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பின்மண்டையில் அடித்தேன். முட்டி மடங்கி விழுந்தாள். விழுந்தவள் என் கணுக்காலைக் கடித்தாள். வாயில் அடித்தேன். பல் உடைந்து தரையில் தெறித்தது. அப்போதும் ஒரு கை கதவை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அடித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. பிறகு முகத்தில் அடித்தேன், அசைவு நிற்கும்வரை. அது நான் நினைத்ததைவிட நேரம் பிடித்தது.

கை கழுவிக்கொண்டு தட்டுகளை எடுத்துப் பார்க்க உட்கார்ந்தேன். சாயங்காலம் அல்லி வேலைக்கு வந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரத்தம் வாசல்வரை ஓடியிருந்தது.

"அக்காவ என்ன சார் செஞ்சீங்க?"

கதவைச் சாத்து, தூசி வரும் என்றேன். அவள் சாத்தவில்லை. பிறகு நீங்கள் வந்தீர்கள்.

கொன்றது நான்தான். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இன்குபேட்டர் திறந்து கிடந்ததில் மற்றப் பெண்களின் கருக்களும் போய்விட்டன, சார். எத்தனை ஆசையோடு காத்திருந்தவர்கள். பூங்கொடி அவர்களைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.