மதகுக்குள்ள நிக்கிற படகு

தொடுங்க தம்பி, கடிக்க மாட்டான். நனைஞ்சு போயிருக்கான், அதான் இந்த நடுக்கம். சுத்தியிருக்கிறது என் ஸ்வெட்டருதான். என் நாய்தான், பேரு பட்டன்.

ஓ, பின்னாடி நிக்கிற பச்சைப் படகு உங்களுதா? காத்திருக்க வெச்சுட்டேன். இந்த மதகுல தண்ணி நிறைஞ்சு எங்க படகு மேல ஏறிப் போனாத்தானே நீங்க உள்ள வர முடியும். இதோ ஆயிடும். இந்தக் கதவுக் கட்டை மேல செத்த உக்காருங்க.

மதகுக்குள்ள படகுல நிக்கிறவரு என் வீட்டுக்காரரு, ராய்ஸ்டன். எட்டிப் பாக்காதீங்க. கீழருந்து அவருக்கு நாம தெரிய மாட்டோம், சுவரு அவ்ளோ ஒசரம். இஞ்சின் சத்தத்துல பேச்சும் கேக்காது.

ஆமா, வீடே இந்தப் படகுதான். கவென்ட்ரில இருந்த வீட்டை வித்துட்டு இதை வாங்கினாரு. ரிட்டயர் ஆனதும் ஊர் ஊரா போலாம்னாரு. நானும் ஆசையாத்தான் வந்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா உள்ள வந்து பாருங்க, கையை விரிச்சா ரெண்டு பக்கமும் சுவரு. நான் அடுப்புகிட்ட நின்னா அவரு போக வழியில்ல. உடனே உச்சுக் கொட்டுவாரு. மூச்சு முட்டுதுன்னு சொன்னேன். வெளிய ஒரு நாடே கிடக்கு, உனக்கு என்ன குறைங்கிறாரு. ஊரு பக்கத்துல மட்டும் படகைக் கட்ட மாட்டாரு. எங்கயாவது மாடு மேயுற எடமாப் பாத்துத்தான் நிறுத்துவாரு. என் தங்கச்சி வினிஃப்ரெட் ஒருதடவை பாக்க வந்தா. கரையில நின்னு கையை ஆட்டுறா, இவரு பாக்காத மாதிரி ஓட்டிட்டுப் போயிட்டாரு.

இவன் எப்படி நனைஞ்சானா? காலைல கால்வாய் மலைக்குள்ள போற அந்தச் சுரங்கத்துக்குள்ள வந்தோம்ல. நீங்களும் அது வழியாத்தானே வந்திருப்பீங்க. எப்பவும் போல பட்டன் கூரை மேல உக்காந்திருந்தான். மேலருந்து ஜில்லுனு தண்ணி கொட்டுச்சு. மிரண்டு துள்ளினவன் வழுக்கி விழுந்துட்டான். அங்க கரையும் கிடையாது, பாதையும் கிடையாது. நிறுத்துங்கன்னு கத்தினேன். சுரங்கத்துல நிறுத்தக் கூடாதுன்னாரு. நீந்தத் தெரியும்ல, பின்னாடியே வருவான், இல்லன்னா வேற ஒண்ணு வாங்கிக்கலாம்னு சொல்லிட்டு விசிலடிச்சாரு தம்பி. அந்த இருட்டுல, விசிலு.

எனக்குப் படகுக்கு அடியில சுத்துற விசிறி ஞாபகந்தான், அதுல மாட்டிப்பானேன்னு. இஞ்சினை நிறுத்துற கம்பியை நானே போய் இழுத்தேன். என் கையைப் பிடிச்சு முறுக்கினாரு, நான் விடல. ம், இது அந்தக் காயந்தான்.

இஞ்சின் நின்னதும் ஒரே அமைதி. அப்புறம் எங்கயோ பின்னாடி, தண்ணியை அடிக்கிற சத்தம். பட்டன், பட்டன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். குரலைப் பிடிச்சுக்கிட்டே வந்தான். பின்பக்கம் குப்புறப் படுத்து, கழுத்துத் தோலைப் பிடிச்சுத் தூக்கினேன். கல்லு மாதிரி கனத்தான்.

அவரு கத்தல. கத்தியிருந்தா தேவலை. வெளிச்சத்துக்கு வந்ததும் டீ கேட்டாரு. குடிச்சுட்டு, அடுத்த ஊர்ல நாயை யார்கிட்டயாவது குடுத்துடு, படகுல ரெண்டு பேருக்குத்தான் எடம்னாரு. சரின்னேன். நெசமாவே சரின்னுதான் பட்டுச்சு.

தண்ணியா? ஏறாதுதான் தம்பி, உள்ள தண்ணி விடுற ஷட்டரை நான் இன்னும் தூக்கவே இல்லையே. கீழ்க்கதவை மட்டும் சாத்திட்டு வந்தேன். ஏணி இருக்கு, ஆனா முட்டி வலி, அவரால ஏற முடியாது. பயப்படாதீங்க, அவருக்கு ஒண்ணும் ஆகாது. முன்கயிறைக் கட்டித்தான் வெச்சிருக்கேன்.

அந்தப் பாலத்து மேல பஸ் நிக்கும். வினிஃப்ரெட் வீட்டு வாசல் வழியாவே போகுமாம். நாயை ஏத்துவாங்களான்னு டீக்கடைப் பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டேன், ஏத்துவாங்களாம்.

நானும் பட்டனும் பஸ் ஏறினதும் நீங்க ஷட்டரைத் தூக்குங்க. அதைச் சுத்துற கைப்பிடி உங்ககிட்டயும் இருக்கில்ல? முதல்ல பாதி, அப்புறம் மீதி. சட்டுனு தூக்கினா படகு ஆடும், அலமாரில பீங்கானெல்லாம் இருக்கு. நான் எங்கன்னு அவரு கேட்டா பஸ்ல போயிட்டாங்கன்னே சொல்லுங்க, பொய் வேணாம்.

ஓட்டுறதெல்லாம் அவரு நல்லா ஓட்டுவாரு தம்பி. கதவு திறந்து விடத்தான் ஒரு ஆளு வேணும்.