சைக்கிளுக்கு உடைத்த தேங்காய்

சிம்மக்கல்லில் இருந்து ஒத்தக்கடை போகும் டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் மஞ்சள் பையோடு நின்றவர் தன் நண்பரிடம் சொன்னார்:

"என் சைக்கிளுக்குத் தேங்கா உடைச்சுட்டாங்க மாப்ள."

"புது சைக்கிளா மச்சான்?"

"பழசுதான். இருட்டுல பைக்காரன் இடிச்சதுலருந்து, லைட்டு இல்லாம சைக்கிளத் தொடக் கூடாதுன்னு வீட்ல சொல்லிருச்சு. நானே எல்இடி ஸ்ட்ரிப்பு வாங்கி, ஹேண்டில்பாருல இருந்து கேரியர் வரைக்கும் சுத்தி, பழைய பைக் பேட்டரில கனெக்ஷன் குடுத்துட்டேன். செவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி ஓடும்."

"எதுக்கு அம்புட்டு?"

"தெரியணும்ல! நேத்து எங்க தெருவுல சாமி சப்பரம் வர்ற நாளு. தெருமுனையில நான் திரும்பவும், சாமி வந்துருச்சுன்னு எல்லாரும் கும்பிட்டுட்டாங்க. முத வீட்டுக்காரரு தேங்காயவே உடைச்சுட்டாரு. கிட்டக்க போனப்புறம்தான் கையை இறக்குனாங்க."

"அப்ப இன்னைக்கு ஏன் பஸ்ல வார?"

"கோயில் கமிட்டில வாங்கிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கும் சப்பரம் வருது, அதுக்கு முன்னாடி என் சைக்கிள்தான் போகுது."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

அவர் பையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு தேங்காய் இருந்தது.

"நம்ம வாசலுக்கும் வரும்ல. வாங்கிட்டு வரச் சொல்லிருக்கு."