பதினொன்றரை மணி விருந்து

சாப்பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். மாட்டிறைச்சி என்றால் ஓக் விறகுப் புகையில் பன்னிரண்டு மணி நேரமாவது வெந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் விருந்தில் அதைத் தட்டில் வைக்க விடமாட்டேன். முப்பது வருடங்களாக இந்த மாநிலத் தலைநகரில் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சாப்பாடு போட்டு வருகிறேன். குறை சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சொல்வதற்கு வாய் ஓய்ந்தால்தானே.

வக்கீல் சார், என் பெயர் ரஸ்ஸல் ஹாப்கட் என்பதும், உலோகப் பொடி ஆலைகளின் சங்கத்துக்கு நான் தரகன் என்பதும் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. சங்கத்துக்குப் பிடிக்காத மசோதா எதுவும் வந்தால், அது சட்டமாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

இதில் லஞ்சம் எதுவும் கிடையாது. சட்டமன்றக் கட்டடத்துக்குள் தேர்தல் நன்கொடைக் காசோலையை நீட்டினால் குற்றம். தெருவைக் கடந்து, எதிரே இருக்கும் உணவகத்தில் நீட்டினால் அது குடிமகனின் உரிமை. நடுவில் இருப்பது ஒரு சிக்னல் விளக்குதான். அந்தத் தெருவைக் கடக்க இந்தப் பெரிய மனிதர்கள் காட்டும் அவசரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பச்சை விழும்வரைகூடப் பொறுக்க மாட்டார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறவர்களை மதிக்க என்னால் முடிந்ததில்லை.

ஆனால் எங்கள் தொழிலுக்கும் ஒரு தர்மம் உண்டு. உறுப்பினரிடம் பொய் சொல்லக் கூடாது. நாம் சொன்ன பொய்யால் ஒருவருடைய மானம் பத்திரிகையில் போனால், அப்புறம் அந்தக் கட்டடத்தில் நமக்கு ஒரு கதவும் திறக்காது.

வெண்டல் கிராடியிடமும் நான் பொய் சொன்னதில்லை. அவர் சட்டமன்றத் தொழில் பாதுகாப்புக் குழுவின் தலைவர். ஆலைகளில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியலை உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு மசோதா அவர் குழுவுக்கு வந்தது. பட்டியல் வெளியே போனால் காப்பீட்டுக் கட்டணம் ஏறும், பக்கத்து நிலக்காரர்கள் வழக்குப் போடுவார்கள், அதனால் சங்கத்துக்குப் பிடிக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஆபத்தான சரக்கு ஏதாச்சும் இருக்கா, ரஸ்ஸல்?" என்றார்.

"இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா?"

"ஐயோ, வேணாம்ப்பா. கேட்டா ஞாபகம் இருந்து தொலைக்கும். விருந்து எத்தனை மணிக்கு?"

பதினொன்றரைக்கு என்றேன். பொதுமக்கள் வந்து பேசுவதற்குக் குழு ஒதுக்கியிருந்த நேரமும் பதினொன்றரைதான். அப்படிப் பார்த்து வைப்பது என் வழக்கம்.

இனி நெட்டி கோனிக்கிடம் வருகிறேன். கால்டர் என்ற சின்ன ஊரின் தீயணைப்புத் தலைவி அவள். சம்பளமில்லாத தொண்டர் படை அது. பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஊர் எல்லையில் எங்கள் சங்கத்து ஆலை ஒன்று இருந்தது. அந்த மசோதா திரும்பத் திரும்பக் குழுவுக்கு வந்த மூன்று வருடமும் ஒரு நாள் விடுப்பு எடுத்து, நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தாள். பேசக் கிடைத்தது இரண்டு நிமிடம். பொதுமக்களுக்கு அவ்வளவுதான்.

மூன்றாவது வருடம் அவள் பெயரைக் கூப்பிட்டபோது பதினோரு நாற்காலிகளில் பத்து காலி. மிச்சமிருந்தவர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு பொட்டலம் கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன்.

"எம் பசங்க எதுக்குள்ள போறாங்கன்னு தெரியணும். வேற ஒண்ணும் கேக்கல," என்று காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னாள். நேரம் முடிந்தது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. எழுந்து நேராகப் பின்வரிசைக்கு, என்னிடம் வந்தாள்.

"காது குடுத்துக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார். வாங்க, ஒரு காபி வாங்கித் தர்றேன்."

அந்தக் கட்டடத்தில் முப்பது வருடத்தில் யாரும் எனக்கு எதுவும் வாங்கித் தந்ததில்லை. நிலவறைச் சிற்றுண்டிக் கடையில் அவளே காசு கொடுத்தாள். என் பெயரைச் சொல்லி, ஆலைக்காரர்கள் விஷயமாக வந்துபோகிறவன் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. எங்க ஊர் ஆலைக் கொட்டகை தீப்பிடிச்சா எதைப் போட்டு அணைக்கிறது? தண்ணி போதுமா? மணல்னா சொல்லுங்க, ஆத்துல கெடக்கு, இப்பவே அள்ளிக் குவிச்சு வச்சுக்குறோம்."

பட்டியல் என் தோல்பையில் இருந்தது. பை என் முழங்காலில் சாய்ந்திருந்தது. அந்தக் கொட்டகையில் மெக்னீசியம் பொடி, அறுபது டன். எரியும்போது தண்ணீர் பட்டால் வெடிக்கும், காய்ந்த மணல் மட்டும் போடவும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

அந்த ஆகஸ்டில், பட்டப்பகலில், கொட்டகை தீப்பிடித்தது. நெட்டியும் அவளுடைய ஆட்கள் ஆறு பேரும் குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. இரங்கல் கூட்டத்தில் கிராடி படித்த உரை நான் எழுதிக் கொடுத்தது. இறங்கி வந்ததும், "அழுத எடம் சரியா இருந்துச்சா?" என்று என் காதில் கேட்டார். சரியாகத்தான் இருந்தது என்றேன். அதுவும் உண்மைதான்.

தீயணைப்பு நிலையத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் படமெடுத்து மேசையில் வைத்திருக்கிறீர்கள். "ஆலைக் கொட்டகை: தண்ணீர் போதும். ரஸ்ஸல் சொன்னார்." அவள் எழுத்தாகத்தான் இருக்கும்.

ஆமாம், சொன்னேன். மணல் என்று சொல்லியிருந்தால், பட்டியலை ரஸ்ஸல் பார்த்திருக்கிறார் என்று அடுத்த வருடம் குழுவின் முன்னால் சொல்லியிருப்பாள். மறைக்கத் தெரியாத பெண். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டே இருந்திருப்பாள். தண்ணீர் போதும் என்றதும் அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. கோப்பையில் காபி மிச்சமிருந்தது. குடித்து முடித்து, நன்றி சொல்லி, அவள் வெளியே போகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

உங்கள் விருப்பம்போல் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீல் சார். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த முப்பது வருடத்தில் எந்த உறுப்பினரிடமும் நான் ஒரு பொய் சொன்னதில்லை.