விரலைத் தெரியாத கண்ணாடி

தண்ணியெல்லாம் வேணாம் சார், நீங்க கேளுங்க. கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவேன். மூணு வருசமா இந்த ஆபீஸ்ல நான் பேசுனத மொத்தமாச் சேத்தாலும் இன்னிக்குப் பேசப்போற அளவு வராது. நடுவுல நிறுத்திட்டீங்கன்னா திரும்ப ஆரம்பிக்க வராது எனக்கு, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

ஆமா, காடாம்புலியூர்ல அந்த ஸ்கிரீன மாத்துனது நான்தான். பிரிசில்லா, டிசைனர், அவளே ஒத்துக்கிட்டான்னு எழுதிக்குங்க. தங்கராசு அண்ணன மட்டும் இதுல இழுக்காதீங்க. சர்வீஸ் பாக்குற மனுசன். கழட்டுங்கண்ணான்னேன், கழட்டுனாரு.

இது இன்னா, மன்னிப்புக் கடுதாசியா? மணவாளன் சார் டைப் அடிச்சே வச்சிட்டாரா? அவரு மொதலாளி, அடிப்பாரு. குடுங்க, இருக்கட்டும். கையெழுத்துப் போடலன்னா வேல போயிடும், தெரியும் சார். போட்டாலும் ஒண்ணு நடக்கும். பாக்கி இருக்குற இருவது ஊருக்கும் அந்தப் புது டச் கண்ணாடியே போயிடும். அதுக்காகத்தான் உங்க முன்னாடி உக்காந்துருக்கேன், இல்லன்னா காலையிலயே பைய எடுத்துக்கிட்டு கெளம்பியிருப்பேன்.

நீங்க மெட்ராஸ்லேர்ந்து வர்றீங்க. உங்க டிரஸ்ட்டுக்கு எங்க சார் எழுதுன லெட்டர் ஒண்ணுதான் தெரியும். போன டிசம்பர்ல 'தானே' புயல் அடிச்சு பண்ருட்டி பக்கம் முந்திரி மரமெல்லாம் வேரோட படுத்துடுச்சு இல்லீங்களா, அதுக்கப்புறம்தான் இந்த வேலைய எங்க கம்பெனிக்குக் குடுத்தீங்க. படிக்கத் தெரியாத பொம்பளைங்க வந்து ஒரு படத்தத் தொட்டா, ஊருக்கு ஒண்ணா வைக்கிற டச் ஸ்கிரீன் பொட்டி தமிழ்ல பேசணும். நிவாரணத்துக்கு எங்க போவணும், முந்திரிக் கன்னு எங்க குடுக்குறாங்க, கொட்ட ஒடைக்கிறப்ப எண்ண பட்டுக் கை புண்ணாயிட்டா இன்னா மருந்து, இப்புடி. படம், பட்டன், கொரலு, எல்லாமே நான் செஞ்சேன். பிளாஷ் சாப்ட்வேர்ல நாலு மாச வேல.

மொதல்ல நான் போட்டது பெரிய பெரிய நாலு படம். அவ்ளோதான். அந்த நேரம் பாத்து எங்க சார் ஒரு புது போன் வாங்குனாரு. விரலால லேசாத் தள்ளுனா பக்கம் பக்கமா ஓடுது. இதாம்மா இப்ப டிரெண்டு, உன்னுது பால்வாடி சார்ட்டு மாதிரி இருக்குன்னு சிரிச்சாரு. சரின்னு தள்ளுற மாதிரி மாத்திக் குடுத்தேன். கண்ணாடியும் புதுசு வரவழைச்சாரு, போன்ல இருக்குற அதே ரகம்.

சிதம்பரத்துல நல்லா ஓடுச்சா? ஓடுச்சு சார், யாரு இல்லன்னா? எக்ஸிபிஷன்ல மூணு நாள் ஸ்டால் போட்டோம். நான் படிச்சதே அங்கதான், எங்க மேடம்கூட வந்து தொட்டுப் பாத்துட்டு பரவால்லியே பிரிசில்லான்னாங்க. ஆயிரம் பேராவது தொட்டிருப்பாங்க. எல்லாம் பேனா புடிக்கிற விரலு, ஏன் ஓடாது?

தொட்டுக் காட்டச் சொன்னா ஓரமாப் போயி நின்னுக்கிட்டேன்னு எழுதியிருக்காரா? நின்னேன். கூச்சம்னு நெனச்சிக்கிட்டாரு, நெனச்சிக்கட்டும். வர்றவுங்களுக்கு எல்லாம் எங்க ஆபீஸ் ரேகாதான் தொட்டுக் காட்டுனா. அவளுக்கு வாய் ஜாஸ்தி, ஸ்டால்ல கூட்டம் சேத்ததே அவதான்.

கையப் பாக்குறீங்க. மருதாணி சார். கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்ல. ரேகாவும் இதேதான் கேப்பா, ஏண்டி உனக்கு வாராவாரம் நிச்சயதார்த்தமான்னு. புடிக்கும், வச்சிக்கிறேன்.

காடாம்புலியூருக்கு வர்றேன். அங்க மொத நாளு பஞ்சாயத்துத் தலைவரு தொட்டாரு, பேசுச்சு. எங்க சார் தொட்டாரு, பேசுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் முந்திரிக் கம்பெனியில கொட்ட ஒடைக்கிற பொம்பளைங்கள வரிசையா விட்டாங்க. முத்தம்மாக்கா தொட்டுச்சு. சத்தமே இல்ல. எங்க சாரு, மெதுவாத் தொடணும்மான்னாரு. மெதுவாத் தொட்டுச்சு. தள்ளணும்மான்னாரு. தள்ளுச்சு. பொட்டி கம்முனு இருக்குது. அடுத்தது ராசம்மாக்கா. பொடவையில விரல மூணு வாட்டி தொடச்சிக்கிட்டு வந்து தொட்டுச்சு. ம்ஹும். ஒடனே அது சொல்லுது, எம் புருசனாட்டம் இருக்குதுடி, எத்தினி வாட்டி தட்டி எழுப்புனாலும் கண்ணு தொறக்கல. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க சாரு போயி தொட்டுக் காட்டுனாரு, கடகடன்னு பேசுது. ராசம்மாக்கா வுடல, பெரிய மனுசங்கன்னாத்தான் வாயத் தொறக்கும்போலன்னுச்சு. அப்பயும் சிரிச்சாங்க. ஆனா சார், அதுக்கப்புறம் ஒருத்தரும் கிட்ட வரல. எங்க கையி ராசியில்லாத கையின்னு சொல்லிக்கிட்டே கலைஞ்சு போனாங்க. பொட்டியில கோளாறுன்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கு அதுதான் தாங்கல.

அன்னிக்கே எங்க சார் உங்களுக்கு ரிப்போர்ட் போட்டாரு. பெண்களுக்கு டச் ஸ்கிரீன் பழக்கம் இல்லை, பயிற்சி அளிக்க வேண்டும். நான்தான் டைப் அடிச்சேன். அடிச்சிட்டு, ஏன் சார், பத்து மணி நேரம் கொட்ட ஒடச்சிட்டு வர்றவுங்களுக்கு விரலத் தொடுறதுக்குப் பயிற்சியான்னு கேட்டேன். மூணு வருசத்துல அவருகிட்ட நான் கேட்ட மொத கேள்வி அது. நீ டிசைனப் பாரும்மான்னாரு. நான் டிசைனத்தான் பாத்தேன் சார்.

இல்ல, இருங்க, சுருக்கமாச் சொல்லிடறேன். அந்தப் புதுக் கண்ணாடி விரலு தோல்ல இருக்குற ஈரத்த வச்சுத்தான் ஆளு தொட்டான்னு தெரிஞ்சிக்கும். முந்திரி எண்ண பட்டுப் பட்டு தோலு காஞ்சு தடிச்சுப் போயிருந்தா, அதுக்கு எதுவுமே தொட்ட மாதிரி இருக்காது. பழைய ரகம் வேற. அழுத்துனாப் போதும். நகத்தால அழுத்து, விரல் முட்டியால அழுத்து, பேனா மூடியால அழுத்து, கேட்டுக்கும். அந்த ரகத்துல ஒண்ணு நம்ம ஸ்டோர்லயே ரெண்டு வருசமா தூசி புடிச்சுக் கெடந்துச்சு, ஒரு நகைக்கடைக்கு வாங்கி வேணாம்னு வந்தது. அதத்தான் மாட்டுனேன். ஓடுறது தள்ளுறதெல்லாம் எடுத்துட்டு, என் பால்வாடி சார்ட்டையே திரும்பப் போட்டேன். திருட்டு வேலைதான். ஆனா நீங்க போயி பாத்தீங்களா? அங்க இப்ப பொம்பளைங்க வரிசையில நிக்கிறாங்க. ராசம்மாக்கா விரல மடக்கி கதவு தட்டுற மாதிரி தட்டுதாம், இப்ப எழுந்துக்குறான் பாருன்னு சொல்லிக்கிட்டு.

பாக்க அழகா இல்ல, ஒத்துக்குறேன். சுத்தியும் தடியா ப்ரேமு, பழைய டிவி மாதிரி. உங்க ஆளு வந்து போட்டோ எடுத்துட்டு, இது நாங்க கேட்ட மாடல் இல்லியேன்னதுலதானே பிரச்சினையே கெளம்புச்சு.

அந்த மெயிலா? நான்தான் அனுப்புனேன். காடாம்புலியூர்ல வைக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி, இந்தக் கண்ணாடி அங்க வேல செய்யாது சார்னு. நடக்கறதுக்கு முன்னாடியே அவளுக்கு எப்புடித் தெரியும், அவதான் உள்ள ஏதோ பண்ணி வச்சிட்டான்னு எழுதியிருக்காரு, அப்புடித்தானே. மூணு நாள் இல்ல சார். சிதம்பரத்துக்கு முன்னாடியே, அந்தக் கண்ணாடி பார்சல் பிரிச்ச அன்னிக்கே தெரியும் எனக்கு. மெயில் போடுற வரைக்கும் சொல்லாம இருந்துட்டேன். வேலையெல்லாம் மவுஸ்லயே பாத்து முடிச்சேன். அது மட்டும்தான் என் தப்பு. அதுக்கு வேணும்னா ஒரு கடுதாசி எழுதித் தர்றேன். இதுல போட மாட்டேன்.

எப்புடித் தெரியும்னா... அந்த இன்னொண்ணையும் கேட்டுடுங்க, ரெண்டுக்கும் சேத்தே சொல்லிடறேன். ஆங். அட்டெண்டன்ஸ் மெசின்ல விரல் வைக்க மாட்டேங்கிறா, நோட்டுலதான் கையெழுத்துப் போடுவேன்னு அடம் புடிக்கிறா, திமிருன்னு எழுதியிருக்காரு. எழுந்து வாங்க சார், கதவாண்டதான் இருக்கு.

காலையில ஒம்பது மணிக்கு வரிசையா வைப்பாங்க, ஆளாளுக்குத் தேங்க் யூ சொல்லும். மொத நாளு பதியறப்ப ஏழெட்டு வாட்டி அழுத்துனதுல என் விரலையும் எப்புடியோ வாங்கிக்கிச்சு. மறுநாள்லேர்ந்து யாரு நீன்னுடுச்சு. இப்ப வைக்கிறேன், கேளுங்க.

ப்ளீஸ் ட்ரை அகெய்ன். கேட்டுச்சா? கட்டவிரலு வைக்கிறேன். அதுக்கும் அதேதான்.

தொட்டுப் பாருங்க சார், கூச்சப்படாதீங்க. பத்து விரலும் ரேகை தேஞ்சு மொழுக்குன்னுதான் இருக்கும். ஆறாங்கிளாஸ்லேர்ந்து அம்மாகூட முந்திரிக் கொட்ட ஒடைக்கிறேன். காடாம்புலியூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி எங்க ஊரு. இன்னிக்கும் அஞ்சு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் ஒடச்சிட்டுத்தான் பஸ் ஏறுனேன். மருதாணி போட்டா எண்ணக் கருப்பு தெரியாது. இந்த ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. முத்தம்மாக்கா மட்டும் அன்னிக்கு என் கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்துட்டு, தேங்கா எண்ண வைக்காத பாப்பா, வெளக்கெண்ண வையின்னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

இந்தாங்க உங்க கடுதாசி. கையெழுத்து இல்லாட்டி கைநாட்டாவது வைன்னு சொன்னீங்கன்னா வைக்கிறேன் சார். வெறும் மைதான் ஒட்டும்.